அக்காவின் சிமென்ட் முட்டி

சிமென்ட் என்றால் காய வேண்டும். காயும்வரை அதன்மேல் பூனைகூட நடக்கக் கூடாது. இதுதான் நான் நம்பியது. அதில் என்ன தவறு என்கிறீர்களா? நான் நம்பியது என் அக்காவின் முட்டி விஷயத்தில்.

போன மாதம் சரோஜா அக்காவுக்கு வலது முட்டியை மாற்றினார்கள். தேய்ந்த மூட்டை எடுத்துவிட்டு உலோக மூட்டு. "சிமென்ட் வெச்சு நல்லா ஒட்டியிருக்கோம், பயப்படாதீங்க" என்றார் டாக்டர். அந்த நிமிடத்திலிருந்துதான் நான் பயப்பட ஆரம்பித்தேன்.

எனக்கா சிமென்ட் தெரியாது? மேனாம்பேட்டில் வீடு கட்டியவன். மொட்டை மாடிக்குத் தளம் போட்டு, பாத்தி கட்டித் தண்ணீர் நிறுத்தி, வாரக்கணக்கில் காவல் இருந்தவன். ஆஸ்பத்திரியிலேயே காலைக் கொஞ்சம் மடக்க வைத்தார்களாம். நான் அப்போது தொழிற்சாலையில், டியூட்டியில். இருந்திருந்தால் விட்டிருப்பேனா? வீட்டுக்கு வந்ததும் மாடிக்குப் போட்ட காவலைக் கட்டிலுக்குப் போட்டேன். காலின் இரண்டு பக்கமும் தலையணை. அசையாதே, மடக்காதே. முட்டியில் போட்டிருந்த கட்டின்மேல் தண்ணீர் மட்டும் தெளிக்கவில்லை... யோசித்தேன் என்பது வேறு விஷயம்.

அக்காவைப் பற்றிச் சொல்ல வேண்டும். எங்கள் தெருவில் பாதிப் பேரின் ஜாக்கெட் அவள் கால் மிஷினில் தைத்ததுதான். முட்டி மடங்காமல் போனதிலிருந்து மிஷின் துணி மூடிக் கிடந்தது. ஆபரேஷனுக்குச் சம்மதித்ததே அதில் மறுபடி உட்காரத்தான்.

வேலப்பன்சாவடியிலிருந்து மொபெட்டில் ஒரு பிசியோதெரபி பெண் வந்தார். வந்ததும் வராததுமாக அக்காவின் குதிகாலைப் பிடித்து மடக்கினாரே பார்க்கலாம்! வாசலிலிருந்து பாய்ந்தேன். வழியில் ஒரு பக்கெட். விழுந்தேன். பேன்ட் முட்டியில் கிழிந்தது. தரையில் கிடந்தபடியே கத்தினேன் – "விடுங்கம்மா, இன்னும் காயல!"

அந்தப் பெண் சிரிப்பை அடக்கிக்கொண்டார். "சார், அந்த சிமென்ட் ஆபரேஷன் டேபிள்லயே இறுகிடுச்சு. இப்ப மடக்காம வெச்சாதான் ஆபத்து. உள்ள சதை ஒட்டிக்கும். அப்புறம் மறுபடி மயக்கம் குடுத்துதான் மடக்கணும். அதுலயும் முழுசா வருமான்னு சொல்ல முடியாது."

அக்கா என்னைப் பார்த்தாள். பிறகு மிஷினைப் பார்த்தாள்.

"எவ்ளோ மடங்குனா மிஷின்ல குந்தலாம்மா?"

"நாற்காலியில உக்கார்ற மாதிரி வந்தா போதும்மா. தரையில சம்மணம் மட்டும் வேணாம்."

அன்றே தொடங்கினாள். நாற்காலியில் உட்கார்ந்து, பாதத்துக்கு அடியில் துண்டு போட்டு, காலைப் பின்னால் இழுப்பாள். அதற்குமேல் வராத இடத்தில் பாதத்தை ஊன்றிக்கொண்டு இடுப்பை முன்னால் நகர்த்துவாள். முந்தானை வாயில். கண்ணில் தண்ணீர். முடிந்ததும் ஐஸ் ஒத்தடம். மாலையில் மறுபடி நாற்காலி.

"போதும்க்கா..." என்பேன்.

"நீ வெளிய போடா. உன் மூஞ்சிய பாத்தாதான் எனக்கு வலிக்குது."

வெளியே போவேன். எதிர்வீட்டு ஆட்டோ டிரைவர் கன்னியப்பன் ஒருநாள் என்னை மடக்கினான். "இன்னா அண்ணாத்தே, வெளியவே சுத்திகினு கீற?"

"உள்ள அக்கா முட்டிய மடக்குதுப்பா."

"அது மடக்குது, சரி. நீ இன்னாத்துக்கு நொண்டுற?"

அப்போதுதான் கவனித்தேன். நொண்டிக்கொண்டுதான் இருந்தேன்.

வலி வந்தால் தாங்குவது வேறு; யாரும் தாங்கித்தான் ஆக வேண்டும். வலிக்கும் என்று தெரிந்தே, மாலையில் அதே நாற்காலியைத் தானே இழுத்துப் போட்டுக்கொள்வதை என்னவென்று சொல்வது? தொழிற்சாலையில் எத்தனையோ சூரர்களைப் பார்த்திருக்கிறேன். ஊசி போட வரும் நர்ஸைக் கண்டால் பாத்ரூம் தேடுவார்கள் – அடியேன் உட்பட.

போன ஞாயிறு காலை. தெருவே டி.வி. முன்னால் இருந்தது, நான் மட்டும் வழக்கம்போல் வாசலில். உள்ளே திடீரென்று தடதடவென்று ஒரு சத்தம். சிமென்ட் பெயர்ந்துவிட்டது என்றே முடிவு கட்டி ஓடினேன். இந்த முறை பக்கெட்டைத் தாண்டிவிட்டேன்.

மிஷினின் மேல்துணி தரையில் கிடந்தது. அக்கா உட்கார்ந்திருந்தாள். வலது முட்டி அழகாக மடங்கி, பாதம் மிதிபலகையில் ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"கத்தாத. தையல் கோணிக்கும்."

அவள் தைத்துக்கொண்டிருந்தது என் பேன்ட்டின் முட்டிக் கிழிசலை.