ஓம் என்றால் என்னவென்று ஹன்னாவுக்கு இன்னும் தெரியாது

ஆட்களே, ஹன்னா வாறாள்... என் ரூம்மேட் ஹன்னா, அமெரிக்காவில் இருந்து, இந்தச் சனிக்கிழமை, உலகத்தின் இந்தக் கோடியில் இருக்கிற எங்கள் ரானுயி வீட்டுக்கே வாறாள்!!!

மெசேஜைப் பார்த்ததும் சோபாவில் ஏறிக் குதித்தேன். இறங்கியதும் போனைக் குப்புற வைத்துவிட்டேன். ஏன் என்று சொல்கிறேன்.

ஹீட்டரின் மேல் காயப் போட்ட ஈரக் கம்பளி சொக்ஸின் மணம்... அந்த ரூமை நினைத்தால் முதலில் வருவது அதுதான். ஜன்னலுக்கு வெளியே பனி. அதற்கப்பால் அறுத்து முடிந்த சோளக்காடு. நடுவில் ஒரு சின்ன லூத்தரன் யுனிவர்சிட்டி.

ஆர்ட்ஸ் படிக்கிறவர்கள் ஒரு செமஸ்டர் வெளிநாட்டில் படிக்கலாம் என்றதும் மற்றவர்கள் எல்லாம் பெரிய பெரிய சிட்டியாகப் பார்த்து ஓடினார்கள். நான் அந்தச் சோளக்காட்டைத் தேர்ந்தெடுத்தேன். ஒரே காரணம், அவர்களுடைய காயர்! அந்தப் பிள்ளைகள் நாலு குரலில் பாடுகிற வீடியோக்களைப் பார்த்துப் பார்த்துத்தான் நான் மியூசிக் நோட்ஸ் வாசிக்கவே பழகினேன். டீச்சர் இல்லை. விசர்ப் பைத்தியம் மட்டும்தான்.

ஹன்னா அதே காயரில் பாடுகிறவள். பாஸ்டரின் மகள். யாராவது ஜெபம் செய்கிறார்கள் என்று தெரிந்தால் மூச்சைக்கூடப் பிடித்துக்கொண்டு நடக்கிற பிள்ளை.

ஞாயிறு பின்னேரங்களில் அம்மா கோல் எடுப்பா. இங்கே அப்போது திங்கள் மதியம். ரெஸ்ட் ஹோமில் வயதானவர்களைப் பார்க்கிற வேலையின் லஞ்ச் பிரேக்கில், காருக்குள் இருந்து கதைப்பா. நான் கட்டிலில் காலை மடக்கிச் சப்பாணி கட்டி இருப்பேன். இயர்பட்ஸ் தலைமயிருக்குள் மறைந்திருக்கும். களைப்பில் கண் தானாக மூடிவிடும்.

"சாப்பிட்டியோ?"

"ஓம்."

"சொக்ஸ் போட்டனியோ?"

"ஓம்..."

"ரெண்டு சோடி போடு எண்டனான். கேக்குதோ?"

"ஓம்ம்ம்ம்..."

ஹன்னாவுக்குக் கேட்டது என் பக்கம் மட்டும்.

கோல் தொடங்கியதும் அவள் புத்தகங்களைத் தூக்கிக்கொண்டு சத்தமில்லாமல் வெளியே போவாள். சரி, நான் வீட்டோடு தனியாகக் கதைக்கட்டும் என்று போகிறாள் என நினைத்தேன். எவ்வளவு நல்ல பிள்ளை! ஒருநாள் கதவைத் திறந்தால், மாடிப்படியில் கோட்டும் தொப்பியும் போட்டு, நடுங்கிக்கொண்டு படிக்கிறாள். கதவில் ஒரு பேப்பர். அதில் அவளே வரைந்த மெழுகுதிரி. கீழே, "தயவுசெய்து அமைதி."

அப்போதும் எனக்கு விளங்கவில்லை.

ரிலிஜன் பாடம் எடுக்கிற ப்ரொஃபெசர் ஒருநாள் வகுப்பு முடிந்து என்னை நிறுத்தினார். பின்னால் ஹன்னா, முகமெல்லாம் சிரிப்பு.

"நீ ஒவ்வொரு ஞாயிறும் தியானம் செய்வதாக ஹன்னா சொன்னாள். சாப்பல் ஜெபத்தில் எங்களுக்கும் அதைச் சொல்லித் தருவாயா?"

அப்போதுதான் எல்லாம் ஒன்றாக விளங்கியது. மாடிப்படி... மெழுகுதிரி... கடவுளே.

நான் திகைத்து நின்றேன். திகைத்தால் எனக்கு இங்கிலிஷ் வராது. வாயில் வந்தது ஒரே சொல்.

"ஓம்."

அவர் தலை குனிந்து, இரண்டு கையையும் கூப்பினார்.

அந்த இடத்திலேயே சொல்லியிருக்கலாம். "சார், எங்கள் தமிழில் அது யெஸ் சார்" என்று. சொல்லவில்லை. ஏனென்றால் அன்றிலிருந்து எல்லோரும் எனக்குக் கதவு திறந்துவிட்டார்கள். டைனிங் ஹாலில் பக்கத்தில் இருக்க ஆசைப்பட்டார்கள். ரானுயியில் நான் ஹெட்போனோடு ட்ரெயினில் போகிற ஒருத்தி, அவ்வளவுதான். அங்கே நான் ஆழமான ஆள்! அது எனக்குப் பிடித்திருந்தது... இதைத் தட்டச்சு செய்யும்போது காது சுடுகிறது.

சாப்பலில் எழுந்து நின்று, கண்ணை மூடி, இழுத்தேன். "ஓம்ம்ம்ம்..."

அவர்கள் சும்மா கேட்டுக்கொண்டு இருப்பார்கள் என்று நினைத்தேன். இல்லை. பாடாமல் இருக்கத் தெரியாத பிள்ளைகள். முதலில் ஆண்குரல்கள் அடியில் சேர்ந்தன. பிறகு மேலே ஒன்று, அதற்கும் மேலே ஒன்று. நான் உயிரை விட்டு ரசித்த அந்தக் காயர், நாலு குரலில், எனக்காக... என் அம்மாவின் "சொக்ஸ் போட்டனியோ?"வுக்குப் பதில் பாடுகிறது.

கண்ணைத் திறந்தேன். ஹன்னா அழுதுகொண்டிருந்தாள்.

செமஸ்டர் முடிந்து வந்துவிட்டேன். சொல்லவே இல்லை.

இப்போது அவளும் ஒரு செமஸ்டர் படிக்க இங்கே வருகிறாள். ஃப்ளாட் கிடைக்கும்வரை, ஒரு ரெண்டு வாரம், எங்கள் வீட்டில்தான் இருக்கப் போகிறாள். மெசேஜின் கடைசி வரி: உன் அம்மாவோடு சேர்ந்து தியானம் செய்ய ஆசை.

அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவ சிரித்துச் சிரித்து அடுப்பை நிற்பாட்டினா.

"அம்மா, ரெண்டு கிழமைக்கு மட்டும் 'ஆமா' எண்டு சொல்லுங்கோவன். பக்கத்து ஏரியா சென்னை ஆன்ட்டி ஆக்கள் அப்பிடித்தானே சொல்லுறவை."

"ரெண்டு கிழமைக்கு நான் சென்னைக்காரியோ? போடி விசரி." பிறகு சிரிப்பு நின்றது. "அந்தப் பிள்ளையை அந்தக் குளிருக்குள்ள படியில இருத்திப்போட்டு, நீ சொகுசா என்னோட கதைச்சிருக்கிறாய்."

நான் போனை எடுத்துப் பார்க்க, அம்மா விடவில்லை.

"அங்க இருக்கேக்கையாவது ஓம் ஓம் எண்டு கதைச்சாய். இப்ப பக்கத்து ரூமில இருந்து, கேட்டதுக்கெல்லாம் 'யா', 'யா'."

அதுவும் உண்மைதான். சோளக்காட்டுக்குள் இருந்தபோது ஒவ்வொரு ஓமுக்கும் நடுவில் அம்மாவின் மூச்சுக்கூடக் கேட்கும். இப்போது அவ சாப்பிடக் கூப்பிட்டாலே எனக்குக் கேட்பதில்லை.

ஹன்னாவுக்கு எழுதி எழுதி அழித்துவிட்டேன். எயார்போர்ட்டில் இருந்து ரானுயி வரும்வரை மோட்டர்வேயில் அவளுக்குத் தப்பி ஓட இடமில்லை, எனக்கும் இல்லை. காருக்குள் வைத்துச் சொல்லப் போகிறேன்.

ஆனால் என்னை எனக்குத் தெரியும். அதனால் சனி பின்னேரம் எல்லோரும் வீட்டுக்கு வாருங்கள், கொத்து ரொட்டி இருக்கிறது. வாசலில் வைத்தே சத்தமாக என்னைக் கேளுங்கள், "சொல்லிட்டியோ?" என்று.

நான் "ஓம்" என்பேன். அந்த நேரம் என்னைப் பார்க்காதீர்கள், ஹன்னாவைப் பாருங்கள். அவள் சிரித்தால் உள்ளே வந்து சாப்பிடுங்கள்.

கண்ணை மூடிக் கை கூப்பினால்... தயவுசெய்து நீங்களாவது அவளிடம் சொல்லிவிடுங்கள்.