சென்னம்மாவுக்கு நான் பிடித்த தண்ணீர்

ஊக்கின் முனையை விளக்கில் காட்டி, ஊதி ஆறவைத்து, இடது உள்ளங்கையை வெளிச்சத்துக்குத் திருப்பிக்கொண்டு முள் எடுக்கிறாள் சென்னம்மா. ஒரு முள் வந்ததும் அதைப் படியில் துடைத்துவிட்டு, "ஆஸ்பத்திரியில கட்டில் கெடச்சுது. அவரத் தரையில போடல" என்கிறாள். அடுத்த முள். "அத்தன மழ பேஞ்சும் கூரை சீட்டு ஒழுகல." அடுத்தது. "கொறட்டச் சத்தம் இல்லாம ஒரு வருசம் தூங்குனேன். அதையும் சேத்துக்கலாமில்ல அவ்வா?" என்று கிழவி என்னைப் பார்த்துச் சிரிக்கிறாள்.

புருஷன் போன பிறகு வந்த பழக்கம் இது. ஒரு முள்ளுக்கு ஒரு நல்லது சொல்ல வேண்டும், கெட்டதைச் சொல்லக் கூடாது. அவளே போட்டுக்கொண்ட சட்டம். நல்லது எதுவும் அகப்படாத நாளில் முள்ளைக் கையிலேயே விட்டுவிட்டுப் படுத்துவிடுவாள். மறுநாள் விரல் வீங்கியிருக்கும். அப்படி வீங்கிய நாட்களும் இந்த வருஷத்தில் நிறைய.

உத்தனப்பள்ளிப் பக்கம் ரோஜாத் தோட்டத்தில் அவளுக்கு வேலை. வெட்டி வந்த பூவை நீளம் பார்த்துப் பிரிக்க வேண்டும். அடித்தண்டில் முள்ளும் இலையும் உருவி, இருபது இருபதாகச் சேர்த்து, அட்டை சுற்றி ரப்பர் போட வேண்டும். கையுறை கொடுத்திருக்கிறார்கள். "அதப் போட்டா பூவு எங்க இருக்குதுன்னே கைக்குத் தெரியல" என்று மூலையில் மாட்டிவிட்டாள். அளவுகோல் இல்லாமல் கண்ணாலேயே தரம் சொல்வாள். ஒருநாள் என்னையும் ஏற இறங்கப் பார்த்து, "அவ்வா, நீ ரெண்டாம் தரம். கழுத்து வளஞ்சு போச்சு" என்றாள்.

பிறந்தது அஞ்செட்டிக்கும் உள்ளே, பஸ் போகாத ஊர். வீட்டில் கன்னடம், தோட்டத்தில் தெலுங்கு, எங்களோடு தமிழ். யாரைப் பார்த்தாலும் முதலில் "ஊட்டா ஆச்சா?" என்பாள். சாப்பிட்டாயிற்று என்று சொல்லிவிட்டால், தானே சாப்பிட்ட மாதிரி முகம் நிறைந்துவிடும்.

எங்கள் லைன் வீட்டில் ஆறு குடித்தனம், ஒரே குழாய். அது சந்து முனையில் இருக்கிறது. விடியற்காலை ஐந்தரையிலிருந்து ஆறு வரைக்கும்தான் தண்ணீர். என் பேத்தி நிர்மலா வேலை பார்க்கிற போன் கம்பெனியின் பஸ்ஸும் ஐந்து நாற்பதுக்கு அதே முனைக்குத்தான் வரும்.

சென்னம்மாவின் புருஷன் மாதேஷ், போன தை மாதம் லோடு இறக்கிக்கொண்டிருந்தவன், நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தான். மூன்றாம் நாள் ஆஸ்பத்திரியில் போய்விட்டான். காரியம் முடிந்த மறுநாள் காலையில் அவள் வெறும் நெற்றியோடு இரண்டு குடத்தைத் தூக்கிக்கொண்டு வந்தாள். நிர்மலா வேலைக்குச் சேர்கிற முதல் நாள் அது. படியில் கால் வைத்த நிர்மலாவைக் கையைப் பிடித்து உள்ளே இழுத்தேன். வெறும் வயிற்றோடு போகாதே என்று சாக்குச் சொல்லி, உட்காரவைத்து, ஒரு வாய் தண்ணீர் கொடுத்து மறுபடி அனுப்பினேன். அதற்குள் பஸ் போய்விட்டது.

அன்று சாயங்காலமே சென்னம்மாவிடம் போனேன்.

"நீ ஏம்மா இந்தக் குளிர்ல வர்ற? கொடத்த என் வாசல்ல வெச்சுடு. நான் புடிச்சு உன் படியில வெக்கறேன்."

என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். "சரி அவ்வா" என்றாள்.

ஒரு வருஷம் வைத்தேன். முட்டி வலித்த நாளிலும் வைத்தேன். புண்ணியத்துக்காக இல்லை. தாலியறுத்தவள் என் பேத்திக்கு எதிரில் வரக் கூடாது, அவ்வளவுதான். என் கிழவர் இன்னும் இருமிக்கொண்டு உள்ளே படுத்திருக்கிறார். அந்தத் திமிர் எனக்கு. நான் சொல்லச் சொல்ல எழுதிக்கொண்டிருக்கும் நிர்மலா பேனாவை நிறுத்திவிட்டு என்னைப் பார்க்கிறாள். எழுதுடி. இதை விட்டுவிட்டு மற்றதை எழுதுவதாக இருந்தால் எதுவுமே வேண்டாம்.

முந்தாநாள் மாதேஷுக்கு வருஷம் திரும்பியது. சென்னம்மா ஆறு வீட்டையும் சோற்றுக்குக் கூப்பிட்டாள். எல்லோரும் இலையில் உட்கார்ந்ததும், குழம்பு வாளியைக் கீழே வைத்துவிட்டுப் பேச ஆரம்பித்தாள். மேடைப் பேச்சு இல்லை, முள் எடுக்கும்போது பேசுகிற அதே குரல்.

"அதாவுல்லா அண்ணே அன்னிக்கு ஒரு பள்ளத்துலயும் ஆட்டோவ எறக்கல. அவரு தல என் மடியில ஆடாம இருந்துச்சு. பக்கத்து வூட்டு நாராயணம்மா வந்த சனத்துக்கெல்லாம் பாத்திரம் கழுவுனா. அவ்வாவுக்கு எழுவது தாண்டிருச்சு. தெனம் ரெண்டு கொடம். மத்ததெல்லாம் எனக்கு எதுக்கு? கதவத் தொறந்தா ரெண்டும் நெறஞ்சு இருந்துச்சு. எந்திரிக்கவே வேணாம்னு கெடந்த நாள்லகூட, தண்ணி வந்துருச்சே, குளிப்பமேன்னு எந்திரிச்சேன்."

"அவ்வா, ஒனக்கு மேல தனிக் குழாயே போட்டு வெச்சிருப்பாங்க. வரிசையில நிக்க வேணாம்" என்றார் ஆட்டோக்கார அதாவுல்லா. எல்லோரும் சிரித்தார்கள். நான் இலையைப் பார்த்துக்கொண்டு மோரை ஊற்றிப் பிசைந்தேன்.

நேற்றுச் சாயங்காலம் அவள் முள் எடுக்கிற நேரத்துக்குப் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"நாளையிலேர்ந்து நீயே வந்து தண்ணி புடி, சென்னம்மா."

ஊக்கு நின்றது. "ஏன் அவ்வா, முட்டி நோவுதா?"

"நோவல."

"பின்ன? நான் ஏதாச்சும் தப்பாப் பேசிட்டனா?"

"அந்தத் தண்ணிய நான்..." என்று ஆரம்பித்தேன். மேலே வரவில்லை. இதைச் சொல்லிவிட்டால் அவள் எழுந்து நின்றதற்கு இருந்த ஒரு காரணத்தையும் பிடுங்கிக்கொண்ட மாதிரி ஆகும் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். அது பொய். வெட்கம்தான் வாயை அடைத்தது.

"நீ வரணும், அவ்வளவுதான். எல்லாரும் வர்ற நேரத்துக்கே வா" என்றேன்.

"சரி அவ்வா" என்றாள். போன வருஷம் சொன்ன அதே மாதிரி.

இன்று காலை ஐந்தரைக்கு வந்தாள். இரண்டு குடத்தையும் மண் போட்டுத் தேய்த்து, பளபளவென்று கொண்டுவந்திருந்தாள். ஒன்றைக் குழாய்க்குக் கீழே வைத்துத் திருகினாள். அப்போதுதான் நிர்மலா கம்பெனி அட்டையைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு படியிறங்கினாள். நான் அவள் கையைப் பிடிக்கவில்லை. நேராகப் போ என்று முதுகில் தட்டி அனுப்பினேன்.

செருப்புச் சத்தம் கேட்டதும் சென்னம்மா குழாயை அப்படியே விட்டுவிட்டுத் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் போனாள். முந்தானையைத் தலைக்கு மேல் இழுத்துக்கொண்டு, சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றாள்.

"சென்னம்மா, இப்பிடி வா" என்றேன்.

வரவில்லை. குடம் நிறைந்தது. நிறைந்து வழிந்து, ஆறு வீட்டுக்கும் அளந்து வருகிற தண்ணீர் சந்தெல்லாம் ஓடியது. பஸ் கதவு சாத்திக் கிளம்பி, சத்தம் முழுதாகத் தேய்ந்த பிறகுதான் அவள் வந்து குழாயை மூடினாள்.