சாமி குடித்த சுருட்டு

கஹவத்தைப் பக்கத்துத் தோட்டத்தில் நான் தங்கிய மாதங்களில் எனக்கிருந்த ஒரே வேலை, அக்காவின் கணவர் புகைக்காமல் காவல் இருப்பது. எட்டாம் வகுப்போடு நின்று ஊர் ஊராய்ச் சுற்றியவனுக்கு வேறென்ன வேலை கொடுப்பார்கள்?

அக்காவின் சிறுநீரகம் ஒன்று அவர் வயிற்றில் இருந்தது. புகைத்தால் அது கெட்டுப்போகும் என்று கிளினிக்கில் நர்ஸ் மிஸ் சிங்களத்தில் சொன்னார். மறுபடி கொடுக்க அக்காவிடம் இன்னொன்று இல்லை. அவள் ரப்பர் பால் வெட்டப் போய்விட்டாள். மச்சான் படுத்திருந்தார், பெரிய தியாகம் செய்தவர் முகத்தோடு.

கூரைத் தகரத்துக்கடியிலும் அரிசி வாளியிலும் ஒளித்திருந்த பீடிக்கட்டுகளை எடுத்து அடுப்பில் போட்டேன். இரண்டு வாரம் கராம்பை மென்றுகொண்டு என்னைத் திட்டினார். பிறகு திடீரென்று பக்தி வந்தது.

வெள்ளிக்கிழமைப் பகல் பூசையில் முனியாண்டிக்குச் சுருட்டு படைப்பார்கள். சாமி யார்மேல் வருகிறதோ அவர் அதைப் புகைப்பார். அதுவரை எந்தச் சாமியும் எட்டிப் பார்க்காத அந்த உடம்பில் முனி மூன்று வெள்ளியும் தவறாமல் இறங்கினார்.

"என்ன மச்சான் இது?"

"நான் எங்கடா குடிச்சேன்? சாமில்ல குடிச்சாரு!"

பூசாரியும் சேர்ந்துகொண்டார். "சாமி குடிச்ச பொகை ஒடம்புல ஒட்டாது தம்பி."

சுற்றி நின்ற அத்தனை பேரும் தலையாட்டினார்கள். மாட்டுக்குக்கூட அதைவிட யோசனை இருக்கும்.

நான்காம் வெள்ளி அக்காவைக் கூட்டிப்போனேன். வேலைச் சட்டையோடே வந்தாள். மச்சான் நாக்கைத் துருத்திக்கொண்டு ஆடினார், சுருட்டு எரிந்தது. வாக்குக் கேட்கும் வரிசையில் அவளும் நின்றாள்.

"கேளு மகளே!" என்றார் முனி.

"இந்த ஒடம்புல என் கிட்னி இருக்குங்க சாமி. குடிக்கிறது நீங்கன்னா வேற ஆளப் பாருங்க. அவருன்னா இப்பவே சொல்லுங்க, நான் அம்மா வீட்டுக்குப் போறேன்."

மேளம் நின்றது. முனி யோசித்தார். சாமி யோசித்து நான் பார்த்தது அன்றுதான்.

"நான் மலையேறுறேன்," என்று சுருட்டைச் சாமிக் கல்லுக்கு முன்னால் வைத்துவிட்டு மச்சான் சுருண்டு விழுந்தார், சட்டை அழுக்காகாத இடமாகப் பார்த்து.

லயத்து வீட்டுக்குத் திரும்பும்போது முனகினார். "சாமியவே வெரட்டிட்டியேடி, பாவம்."

"அது நல்ல சாமி. சொன்னதும் போயிருச்சி. ஒங்களத்தான் நம்ப முடியல."

வீட்டுக்குப் போனதும் அவர் சட்டைப் பைகளையெல்லாம் நான் ஊசிநூலால் தைத்து மூடினேன்.