படத்துக்குக் கட்டிய சேலை

சிவகாசிப் பக்கம் ஒரு பட்டாசுக் கம்பெனி வாசலில், வேலைக்கு வரும் பெண்களின் சேலையைத் தொட்டுப் பார்த்து உள்ளே விடுவது என் வேலை. பருத்திக்கு மட்டும்தான் அனுமதி. நைலான் உரசினால் தீப்பொறி வரும்.

வெடிமருந்து அடைக்கும் அறையில் ஒருத்தி இருந்தாள். ஒல்லியானவள். அலுமினியப் பொடி ஏறிய முன்னங்கை வெள்ளியாய் மினுங்கும். உட்காரும் முன் கதவு திறந்திருக்கிறதா என்று பார்த்துக்கொள்வாள்.

இரண்டாயிரமாவது ஆண்டுக்குப் பிறகு ஒரு சீசனில், படம் எடுக்க ஒருவர் வந்தார். நம் நாட்டுத் தொழிலையும் கலாச்சாரத்தையும் வெளிநாட்டு முதலாளிகளுக்குக் காட்டப் புத்தகம் போடுகிறார்களாம். பழைய பருத்திச் சேலை படத்தில் எடுபடாது என்றார். மேனேஜர் ஜரிகை போட்ட நைலான் சேலையை என்னிடம் தந்து, அதைக் கட்டிக்கொண்டு மருந்து அறையில் படத்துக்கு உட்காரும்படி அவளிடம் சொல்லச் சொன்னார்.

அவள் தடவிப் பார்த்துச் சிரித்தாள்.

“என்னக்கா, நெதமும் நைலான்னா வாசல்லயே திருப்பி அனுப்புவீக. இன்னைக்கு மருந்துக்கு லீவா?”

“ஒரு போட்டோதான் தாயி. மேனேஜர் சொல்றாக.”

“அவுக பக்கத்துல வந்து உக்காருவாகளாமா?”

வேண்டாம் என்று நான் தடுத்திருக்க வேண்டும். மேனேஜருக்குப் பயந்து சேலையை நீட்டியபடியே நின்றேன்.

அவள் கட்டிக்கொண்டாள். கூட இருந்த மூன்று பெண்களையும் வெளியே விரட்டினாள். பிறகு, “நீங்களும் தள்ளிப் போங்கக்கா, பிள்ளைகுட்டிக்காரி” என்றாள்.

போனேன். நல்லவேளை, ஒன்றும் ஆகவில்லை. படமும் அழகாக வந்தது. தூரத்தில் நின்று அந்த அறையையே பார்த்துக்கொண்டிருந்தபோதுதான், அவளுக்குப் பிள்ளைகள் உண்டா என்று நான் ஒருநாளும் கேட்டதில்லை என்பது உறைத்தது.