பின் சீட்டில் தொண்ணூற்று நாலு கிலோ

என் அடிவயிற்றின் வலது பக்கத்தில் ஓர் எலுமிச்சம்பழம் குடியேறியது. இருமினால் வெளியே வரும், படுத்தால் உள்ளே போகும். நைந்த டயரின் வெடிப்பில் டியூப் எட்டிப் பார்க்கிற மாதிரி. உத்திரமேரூரில் டாக்டரம்மா அழுத்திப் பார்த்துவிட்டு, குடலிறக்கம் என்றார். ஆபரேஷன் செய்துவிடலாம், ஆனால் இப்போது செய்ய மாட்டேன் என்றும் சொன்னார்.

"இந்த வயித்துல தையல் போட்டா நிக்காது சார். எட்டு கிலோ குறைச்சிட்டு வாங்க. சக்கரையும் எறங்கணும். மூணு மாசம் டைம். அதுக்குள்ள குடல் மாட்டிக்கிச்சின்னா அவசரமா அறுக்க வேண்டி வரும், அது நல்லதில்ல."

வயது ஐம்பத்திரண்டு, எடை தொண்ணூற்று நாலு. என் உடம்பில் வருடா வருடம் தவறாமல் உயர்ந்தவை இவை இரண்டுதான். தினமும் காலையில் முக்கால் மணி நேரம் நடக்கச் சொன்னார். "நிக்காம நடக்கணும்" என்று அழுத்தியும் சொன்னார். எங்கள் ஊரில் அது எவ்வளவு பெரிய நிபந்தனை என்று அவருக்கும் தெரியாது, எனக்கும் அப்போது தெரியாது.

எங்கள் ஊர், பெருநகர் என்கிற கிராமத்திலிருந்து உத்திரமேரூர் போகிற சாலையில் இருக்கிறது. நான் ஒரு பள்ளிக்கூட அலுவலகத்தில் எழுத்தர். உடற்பயிற்சியைப் பற்றி நிறையப் படித்திருக்கிறேன், படுத்துக்கொண்டு படித்தேன். நல்ல நடைபாதை, பூங்கா, காய்கறிக்கடை இருக்கிற பகுதியில் மனிதர்கள் இளைத்திருப்பார்கள் என்று கட்டுரைகளில் சொல்கிறார்கள். எங்கள் தெருவில் இருப்பவை இரண்டு டிராக்டர், கட்டிப்போட்ட மாடுகள், கட்டிப்போடாத நாய்கள், சரம் சரமாகச் சிப்ஸ் பாக்கெட் தொங்கும் ஒரு பெட்டிக்கடை. நூறடி தள்ளியிருக்கும் அந்தக் கடைக்கே நான் வண்டியில்தான் போவேன். சுற்றிலும் நெல் விளைகிற ஊரில் ஒரு கட்டு கீரை வேண்டுமென்றால் உத்திரமேரூருக்குத்தான் போக வேண்டும். வீட்டைச் சுற்றி இருப்பதுதான் இடுப்பைச் சுற்றியும் வந்து சேர்கிறது என்பது என் சொந்தக் கண்டுபிடிப்பு. தப்பை உடம்பின் மேல் போடாமல் ஊரின் மேல் போட முடிகிறது என்பதால் எனக்கு அதில் ஒரு பிரியம்.

முதலில் மொட்டை மாடியில் எட்டுப் போட்டு நடந்தேன். மூன்றாம் நாள் பக்கத்து வீட்டம்மா என் மனைவியைக் கூப்பிட்டு, "வூட்ல எதுனா சண்டையா? மேல நின்னு பொலம்பிக்கினு கீறாரே" என்று கேட்டுவிட்டார். நான் சுற்றுகளை எண்ணிக்கொண்டிருந்தேன்.

அடுத்து ஏரிக்கரை. வீட்டுக்கு வீடு கழிப்பறை வந்த பிறகும் ஆண்கள் சிலர் பழக்கத்தை விடவில்லை. ஆளுக்கொரு தண்ணீர் பாட்டிலோடு வருவார்கள். பாட்டில் இல்லாமல் கைவீசிக்கொண்டு போனவன் நான் ஒருவன்தான். கருவேல முள்ளுக்கு நடுவிலிருந்து ஒவ்வொரு தலையாக நிமிர்ந்து சந்தேகத்தோடு பார்த்தது. ஒருவேளை நிஜமாகவே ஒரு நோக்கமும் இல்லாமல் நடக்கிறானோ என்கிற சந்தேகம் அது. இரண்டு நாளில் விட்டுவிட்டேன்.

மிச்சமிருந்தது மெயின் ரோடு. ஓரத்தில் நடைபாதை கிடையாது. எம்‑சாண்ட் லாரி வந்தால் வயலில் இறங்கி நிற்க வேண்டும். அதைக்கூடச் சமாளிக்கலாம். லிஃப்ட்டைத்தான் சமாளிக்க முடியவில்லை.

எங்கள் பக்கம் ஒருவன் ரோட்டில் நடந்தால் அதற்கு இரண்டே அர்த்தம். பஸ் போய்விட்டது, அல்லது வண்டி ரிப்பேர். தெரிந்தவன் நடப்பதைப் பார்த்தும் நிறுத்தாமல் போனால் ஒரு வாரத்துக்குப் பேச்சு வரும். நிறுத்தியும் ஏறாமல் இருந்தால் ஒரு வருஷத்துக்கு வரும். டாக்டர் நடக்கச் சொல்லியிருக்கிறார் என்று சொல்லிப் பார்த்தேன். "நாளைக்கி நட. இன்னிக்கி ஏறு" என்பார்கள். ஏறினால் இரண்டு கிலோமீட்டர் தள்ளிக் கூட்டுரோட்டு டீக்கடையில்தான் வண்டி நிற்கும். ஏற்றி வந்தவர் டீயும் போண்டாவும் வாங்கித் தராமல் விடமாட்டார். மூன்று வாரம் ஒழுங்காக நடக்கப் போனேன். பிறகு ரைஸ் மில் தராசில் ஏறிப் பார்த்தால் அரை கிலோ கூடியிருந்தேன். நெல் மூட்டையைவிட நான் கனம் என்கிற செய்தியை மில்காரர் மோட்டார் சத்தத்துக்கு மேலே குரலை உயர்த்தி அறிவித்தார்.

அன்றைக்கே முடிவு செய்தேன். இனி யார் நிறுத்தினாலும் ஏறுவதில்லை.

மறுநாள் காலை முதலில் நிறுத்தியவர் என் பெரியப்பா மகன். மாட்டேன் என்று தலையாட்டினேன்.

"இன்னாடா, என் வண்டில ஏறமாட்டியா? பாகம் பிரிச்சத இன்னும் மனசுலயே வச்சிக்கினு கீறியா?"

பாகம் பிரித்துப் பதினெட்டு வருஷம் ஆகிறது. ஏறிவிட்டேன். கூட்டுரோட்டுத் திருப்பத்தில் எங்கள் ஊர் காலனியைச் சேர்ந்த கொத்தனார் மேஸ்திரி வண்டியில் சாய்ந்து நின்று போன் பேசிக்கொண்டிருந்தார். நாங்கள் வந்து இறங்குவதைப் பார்த்துத் தலையசைத்தார். போண்டா முடிந்தது. வைராக்கியத்தைப் புதுப்பித்துக்கொண்டு திரும்பி நடந்தேன். பாதி வழியில் பின்னாலிருந்து ஒரு வண்டி வந்து நின்றது. மேஸ்திரி.

"வாங்க சார், வூட்டாண்ட வுட்டுட்டுப் போறேன்."

"இல்ல மேஸ்திரி. நான் நடந்தே போறேன்."

அவர் என்னைப் பார்த்தார். பிறகு ரோட்டைப் பார்த்தார். "சரிங்க சார்" என்று சொல்லிப் போய்விட்டார். ஒரு வார்த்தைகூட வற்புறுத்தவில்லை. எவ்வளவு நாகரிகமான மனிதர் என்று வியந்துகொண்டே வீட்டுக்கு வந்து, என் முதல் வெற்றியை மனைவியிடம் சொன்னேன்.

"யாரு வண்டி?"

"மேஸ்திரி வண்டி."

"உங்க அண்ணன் வண்டில நீங்க வந்து எறங்கனத அவரு பாத்தாரா?"

"பாத்தாரே. தலைகூட ஆட்டினாரு."

கையிலிருந்த கரண்டியைக் கீழே வைத்தாள். "நீங்க படிக்கறதெல்லாம் எங்கதான் போவுது?"

அப்போதுதான் எனக்கு உறைத்தது. மேஸ்திரியின் அப்பாவும் தாத்தாவும் எங்கள் நிலத்தில் கூலி வேலை செய்தவர்கள். என் தாத்தா காலத்தில் எங்கள் தெருவுக்குள் வந்தால் அவர்கள் சைக்கிளை விட்டு இறங்கித் தள்ளிக்கொண்டுதான் போக வேண்டும். அந்தத் தாத்தாவின் பேரன் பங்காளி வண்டியில் தொற்றிக்கொண்டு போகிறான். மேஸ்திரி நிறுத்தினால் மட்டும் நடக்கிறேன் என்கிறான். நான் சர்க்கரையை மனதில் வைத்துச் சொன்னேன். அவர் காதில் அது என் தாத்தா குரலில் விழுந்திருக்கும். மறுநாள் ரோட்டில் அவர் வண்டி என்னைத் தாண்டிப் போனது. வேகம் குறையவில்லை. மூன்று வாரமாக நான் வேண்டிக்கொண்டிருந்தது அதுதான். கிடைத்தபோது நன்றாக இல்லை.

மேஸ்திரியின் மனைவிதான் அரசாங்கத் திட்டத்தில் மாதம் ஒருமுறை வீடு வீடாக வந்து பிரஷர் பார்த்து மாத்திரை கொடுப்பவர். அந்த வாரம் வந்தார். கையில் பட்டையைச் சுற்றிக் காற்றடித்துக்கொண்டே கேட்டார்:

"சார், எங்க வூட்டுக்காரரு வண்டி சீட்ல முள்ளு எதுனா கீதா?"

அந்த நேரத்தில் எடுத்த பிரஷரை நம்பக் கூடாது என்பது என் கருத்து.

"ஐயோ, அப்படியில்லம்மா. டாக்டர் நடக்கச் சொல்லியிருக்காங்க. அதனாலதான்…"

"அப்ப உங்க அண்ணன் வண்டி இன்னா, நடந்துக்கினா போச்சி?"

சமையலறையில் என் மனைவி சிரிப்பது கேட்டது. நான் எல்லாவற்றையும் சொன்னேன். மொட்டை மாடி, ஏரிக்கரை, போண்டா, எலுமிச்சம்பழம், ஒன்று விடாமல். அவர் விரலில் ஊசி குத்தி ரத்தம் எடுத்தார். இருநூற்றுப் பத்து.

"நடக்க எடமா இல்ல? எங்க சர்ச்சுக்குப் பின்னாடி கிரவுண்டு கீதே. லாரி கெடையாது, நாயி கெடையாது. நாங்க பொம்பளைங்க எட்டு பேரு அஞ்சரைக்கு நடக்கறோம், கம்பெனி வேன் வர்றதுக்கு முன்னாடி. நாத்து நட்டுக்கினு இருந்தப்ப எங்க பொம்பளைங்களுக்கு ஏது சக்கர? கம்பெனில எட்டு மணி நேரம் நின்ன எடத்துலயே நின்னுதான் வந்திச்சி." பட்டையை மடித்துப் பையில் போட்டார். "காலனிக்கு வரணும், அவ்ளோதான். இந்தப் பையில ஊருக்கும் காலனிக்கும் ஒரே மாத்திரதான் சார் கீது."

அந்த மைதானம் என் வீட்டிலிருந்து முந்நூறு அடி இருந்தால் அதிகம். அதன் ஓரத்துப் பள்ளிக்கூடத்துக்கு ஒவ்வொரு தேர்தலிலும் ஓட்டுப் போடப் போயிருக்கிறேன், வண்டியில். நடக்க இடம் தேடி மாடி ஏறினேன், முள்ளுக்குள் போனேன், லாரிக்கு ஒதுங்கினேன். அது ஓர் இடமாக என் நினைவுக்கே வரவில்லை. மூன்று மாதத் தவணையில் அதற்குள் ஐந்து வாரம் தீர்ந்திருந்தது.

மறுநாள் ஐந்தரைக்குப் போனேன். எட்டுப் பெண்கள், சேலைக்கு அடியில் ஸ்போர்ட்ஸ் ஷூ போட்டுக்கொண்டு சுற்றிக்கொண்டிருந்தார்கள். நான் ஒரு சுற்று முடிப்பதற்குள் இரண்டு முறை என்னைத் தாண்டினார்கள். "சார், ஓரமா போங்க. டிராபிக் ஆவுது" என்றது ஒரு குரல். மற்ற ஏழும் சிரித்தன.

மூன்றாவது சுற்றில் மேஸ்திரி வண்டியில் வந்தார். மைதானத்துக்குள்ளேயே ஓட்டி வந்து என் பக்கத்தில் நிறுத்தினார். எஞ்சினை அணைக்கவில்லை. என்னைப் பார்க்கவும் இல்லை. நேராக முன்னால் பார்த்துக்கொண்டிருந்தார். நடந்துகொண்டிருந்த பெண்கள் நின்றுவிட்டார்கள். நான் பின்னால் ஏறி உட்கார்ந்தேன். ஷாக் அப்சார்பர் முனகியது. வண்டி மெதுவாக மைதானத்தை முழுசாக ஒரு சுற்று சுற்றி, நான் ஏறிய அதே இடத்துக்கு வந்து நின்றது.

"எறங்குங்க சார்" என்றார். இறங்கினேன். "இப்ப நடங்க."

பெண்களின் சிரிப்பு அடங்கச் சற்று நேரம் ஆயிற்று. அவரும் சிரித்துக்கொண்டேதான் வேலைக்குப் போனார்.

என் தெருவில் செய்தி பரவ அரைநாள் ஆனது. "இன்னாடா, தெனம் அங்க போயி சுத்திக்கினு கீறியாமே?" என்று அண்ணன் கேட்டார். ஆமாம் என்றேன். நீயும் வா என்றேன். அவருக்கு முழங்கால் வலி இருக்கிறது, நூற்றிரண்டு கிலோ இருக்கிறார். "எனக்கு இன்னா வந்துச்சி" என்று வண்டியைக் கிளப்பிக்கொண்டு டீக்கடைக்குப் போனார். இன்றுவரை வரவில்லை.

ஒருநாள்கூட விடாமல் நடந்தேன் என்று எழுத ஆசைதான். மழை பெய்த நாட்களை அனுபவித்துத் தூங்கினேன். ஆனால் வராத நாளுக்கு மறுநாள் எட்டுப் பேருக்குப் பதில் சொல்ல வேண்டியிருந்தது. அந்த பேஜாருக்கு நடந்துவிடுவதே மேல். கம்பெனி கேன்டீனில் சோற்றைக் குறைத்துப் பொரியலைக் கூட்டிக்கொள்ளும் வித்தையையும் அவர்கள்தான் எனக்குச் சொல்லிக்கொடுத்தார்கள். போண்டாவை நானாகவே நிறுத்தினேன். டீக்கடைக்காரர் அதைத் தனிப்பட்ட இழப்பாக எடுத்துக்கொண்டார்.

மூன்று மாத முடிவில் டாக்டரம்மாவின் எடைக் கருவியில் எண்பத்தேழு வந்தது. கேட்டது எண்பத்தாறு. மூச்சைப் பிடித்துக்கொண்டு மறுபடி ஏறினேன். அதே எண்பத்தேழு. சர்க்கரைச் சீட்டைப் பார்த்தார். அது நன்றாகவே இறங்கியிருந்தது. "சரி, அந்த ஒரு கிலோவ மன்னிச்சிட்டேன்" என்று தேதி கொடுத்தார். எலுமிச்சம்பழம் உள்ளே போனது, தையல் நின்றது.

அனுப்பும்போது ஒரு சீட்டு எழுதிக் கொடுத்தார்: இரண்டு மாதத்துக்கு இருசக்கர வாகனத்தில் ஏறக் கூடாது. மூன்று மாதம் முன்னால் இதைக் கொடுத்திருந்தால் எவ்வளவு நன்றாக இருந்திருக்கும். அந்த இரண்டு மாதம் முடிந்து ஓர் ஆண்டு ஆகிறது. சீட்டை லேமினேட் செய்து சட்டைப் பையில் வைத்திருக்கிறேன். ரோட்டில் யார் வண்டியை நிறுத்தினாலும் எடுத்துக் காட்டுகிறேன். அண்ணனுக்கே நாலு முறை காட்டியாகிவிட்டது.

மேஸ்திரியிடம் மட்டும் அதைக் காட்டியதில்லை. அவர் நிறுத்தினால் ஏறிக்கொள்கிறேன். கொஞ்ச தூரம் போனதும் அவரே இறக்கிவிடுகிறார்.