காலியான இடம்

பீன்யாவில் நான் வேலை பார்க்கும் தொழிற்சாலைக்கு அவர் முதலில் வந்தபோது நாங்கள் ஆள் தேடவில்லை. ஐம்பது வயதிருக்கும். வெளுத்த வெள்ளைச் சட்டை. நகக்கண்களில் போகாத எண்ணெய்க் கறுப்பு. இருந்த கம்பெனியை மூடிவிட்டார்கள், எந்த வேலையானாலும் சரி என்றார்.

"இப்ப காலி இல்லீங்க."

"பரவால்ல சார், வந்து பாத்துட்டுப் போறேன்."

அதன்பின் ஒவ்வொரு திங்கட்கிழமையும் வந்தார். நாற்காலியைக் காட்டினாலும் உட்காரமாட்டார். நின்றபடி கேட்பார், இல்லை என்றதும் கும்பிட்டுவிட்டுப் போய்விடுவார். தன் கஷ்டம் எதையும் சொன்னதில்லை.

நான்காவது மாதம் எங்கள் பேக்கிங் பிரிவில் ஒருவர் மாரடைப்பில் இறந்துபோனார். அடுத்த திங்களன்று இவரைப் பார்த்ததும், "இடம் இருக்கு, நாளைக்கே வந்துடுங்க" என்றேன். முகம் மலர்ந்துவிட்டது.

"யாரு சார் நின்னுட்டாங்க?"

சொன்னேன். அவர் மெல்ல நாற்காலியில் உட்கார்ந்தார்.

"அவர் வீட்ல யாரு இருக்காங்க?"

"சம்சாரம், காலேஜ் படிக்கிற பொண்ணு."

"அந்தம்மாவக் கேட்டீங்களா?"

எங்கள் யாருக்கும் அது தோன்றவே இல்லை.

"மொதல்ல அவங்களக் கேளுங்க சார். வேணாம்னா நான் வரேன்" என்று எழுந்துகொண்டார்.

அந்த அம்மாள் மறுவாரமே வேலையில் சேர்ந்துவிட்டார். அதை இவருக்குப் போனில் சொன்னேன். "ரொம்ப சந்தோஷம் சார்" என்றார். பிறகு அவர் வரவேயில்லை.

உங்களுக்கு எங்கேயாவது வேலை கிடைத்ததா என்று அன்று போனில் நான் கேட்கவில்லை. என்ன பதில் வருமோ என்று பயமாக இருந்தது.