மருமகள் கொடி

“ஏட்டி, மருமக கொடி பழுத்திருக்கு. போட்டோ பிடிச்சு அவளுக்கு அனுப்பு” என்று இன்று காலை அப்பா சொன்னார். தென்காசியில் எங்கள் வீட்டுக் கொல்லை வேலியில் கோவைப்பழங்கள் செக்கச்செவேலென்று தொங்கின. கிளி கொத்தியது போக மிச்சமே அத்தனை. அண்ணன் மனைவி, என் மதினி, வெளியூர்க் கல்லூரிக்குப் பேராசிரியராகிப் போய் எத்தனையோ வருடமாயிற்று. தினமும் தண்ணீர் ஊற்றுகிறவள் நான். கொடி மட்டும் இன்னும் மருமகள் கொடி.

அப்போது அண்ணன் ராணுவத்தில் இருந்தான். மதினி எங்கள் வீட்டில் இருந்துகொண்டே தாவரவியல் ஆராய்ச்சி செய்தாள். வேலியில் தானாகப் படரும் கோவைதான் அவள் எடுத்துக்கொண்ட பொருள். அதே தாவரவியலில் பி.எஸ்ஸி. முடித்துவிட்டு, மேலே படிக்கிறேன் என்று நான் கெஞ்சியபோது, “படிச்சது போதும்ட்டி” என்று முடித்துவிட்டவர் அப்பா. அவரேதான் ஐந்தருவிச் சாலையில், சாரலில், கோவைத் தண்டு வெட்டிய மருமகளுக்குக் குடை பிடித்துக்கொண்டு நின்றார். பூச்சி அண்டாமல் மொட்டுகளுக்கு மெல்லிய துணிப்பை கட்ட வேண்டும் என்று அவள் சொன்னதும், திருவிழாவுக்கு எடுத்த புது வேட்டியைக் கொண்டுவந்து கிழித்தார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

ஐந்தருவிச் சாலையில் வெட்டிய தண்டுகளில் ஒன்றை அவள் வேலியோரம் நட்டாள். இன்னொன்றை என்னிடம் தந்து கிணற்றடியில் நடச் சொன்னாள். அவளை முந்திக் காட்டுகிறேன் என்று சாணிக் கரைசலும் மீன் கழுவிய தண்ணீருமாக ஊற்றினேன். என் கொடி வெள்ளை வெள்ளையாகப் பூத்துத் தள்ளியது. ஒரு பிஞ்சுகூடப் பிடிக்கவில்லை. அவளுடையதோ காய்த்துக் குலுங்கியது. “கைராசின்னா எம் மருமக கைராசிதான்” என்று அப்பா ஊரெல்லாம் சொல்லித் திரிந்தார். ஒருநாள் பொறுக்க முடியாமல் அரிவாளை எடுத்துக்கொண்டு என் கொடியை நோக்கிப் போனேன்.

மதினி ஓடிவந்து கையைப் பிடித்தாள். “ஏட்டி, வெட்டிராத! உன்னுது ஆண்கொடி. பூவுக்கு அடியில பிஞ்சு இருக்கான்னு பாரு, இருக்காது. இங்கன வேற ஆண்கொடி கிடையாது. இது பூத்தாத்தான் அங்கன காய்க்கும்.”

கோவையில் ஆண் தனி, பெண் தனி என்று நானும் படித்தவள்தான். எரிச்சலில் பூவைத் திருப்பிக்கூடப் பார்க்கவில்லை. ஆனால் நடும்போதே அவளுக்குத் தெரியும். ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே! பக்கத்தில் நின்ற அப்பா, “என்ன அறிவு பாத்தியா!” என்று அவளைத்தான் மெச்சினார். அரிவாளைக் கீழே போட்டேன். வயிற்றெரிச்சல் போகவில்லை, இன்றுவரைக்கும்.

செல்போனோடு கொல்லைக்குப் போனேன். பழங்களைத் தாண்டிக் கிணற்றடிக்கு நடந்து, என் கொடியின் பூ ஒன்றைப் படமெடுத்து அனுப்பினேன். உடனே மதினி போனில் கூப்பிட்டாள்.

“பழம் எங்கட்டி? பழுத்திருக்குன்னு மாமா சொன்னாகளே.”

“பழம் உங்க கொடியிலதான் இருக்கு மதினி. அது எப்படி வந்துச்சுன்னு அனுப்பிருக்கேன்.”

உள்ளே இருந்த அப்பாவுக்கும் கேட்கட்டும் என்று சத்தமாகவே சொன்னேன்.